'ஒரு பைசா செலவில்லாத வைத்தியம்' என்கிறார்கள்

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் கூடவே வந்துவிடுகிறது: "இதுக்கு ஒரு பைசா செலவில்லை." ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், நவம்பர் 17 குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று மேடையில் சொல்கிறார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூ படம் போட்டு அனுப்புகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் என் தங்கச்சியோடு பச்சிளம் குழந்தை வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு அப்புறம் அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உறுத்துகிறது. அந்த வைத்தியம் உண்மை, அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. செலவில்லை என்பதுதான் உண்மை இல்லை. செலவில்லை என்று நினைப்பதால்தான் பல குழந்தைகளுக்கு அது முழுசாகக் கிடைக்காமல் போகிறது என்று நான் நம்புகிறேன்.

தங்கச்சிக்கு அது இரண்டாவது பிரசவம். பிரஷர் ஏறிக்கொண்டே போய், 32 வாரத்திலேயே சிசேரியன் செய்ய வேண்டியதாகிவிட்டது. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிறந்ததும் தூக்கிக்கொண்டு போய், சூடு கொடுக்கிற மெஷினான வார்மரில் வைத்துவிட்டார்கள். தங்கச்சி ஒரு மாடியில், குழந்தை இன்னொரு மாடியில். மூன்றாவது நாளோ என்னவோ, "மூச்சு நல்லா இருக்கு, இனி கேஎம்சி குடுக்கலாம், அம்மாவை வரச்சொல்லுங்க" என்றார்கள். கங்காரு தாய்ப் பராமரிப்பை எல்லோரும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், கேஎம்சி. வயிற்றில் தையலோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட்டுக்கு நின்று, உள்ளே போனால், சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சாய முடியாது. ஒரு கையால் குழந்தையையும் இன்னொரு கையால் தையல் மேலும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அரை மணி, முக்கால் மணி. அப்புறம் முகம் வெளிறிப்போய் "போதும் சிஸ்டர், எடுத்துக்கோங்க" என்பாள். "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாமேம்மா, செலவா செய்யுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். வெளியே வந்தால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்ல" என்றார்கள். அவளுக்கு இல்லாதது பொறுமை இல்லை, சாய்வதற்கு ஒரு முதுகுப்பலகை.

இதைவிடக் கஷ்டம் அடுத்த வாரம் வந்தது. தையல் பிரித்ததும் தங்கச்சியை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். குழந்தை உள்ளேயே இருக்கிறது, அம்மா டிஸ்சார்ஜ். அதாவது அந்த நிமிஷத்திலிருந்து அவள் நோயாளி இல்லை, அட்டெண்டர். அவளுக்குக் கட்டில் கிடையாது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு கிடையாது, ராத்திரியில் வராந்தாவில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். பிரசவித்து பத்து நாள் ஆகாத பெண், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டிய பெண், வராந்தாவில் படுத்திருந்தாள். அவளுடைய மூத்தவன் என் வீட்டில் "அம்மா எப்ப வரும் பெரியம்மா" என்று கேட்டபடி இருந்தான்.

இதை ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் குறை என்று நான் சொல்லவில்லை. அரசு விதியையே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவித்த தாய்க்கு இலவச உணவு உண்டு, சுகப்பிரசவம் என்றால் 3 நாள் வரை, சிசேரியன் என்றால் 7 நாள் வரை. நல்ல திட்டம், அதனால் எத்தனையோ குடும்பம் கடன்படாமல் தப்பித்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு நிறைமாதக் குழந்தையின் தாய்க்குப் போட்ட கணக்கு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை வாரக்கணக்கில் உள்ளே இருக்கும். அந்த வாரங்களில் அந்தக் குழந்தைக்கு முக்கியமான மருந்தே அம்மாதான் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா எங்கே தூங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்று யோசிக்காமல் விட்டால் எப்படி?

தட்டுப்பாட்டில் பிறந்த யோசனை

இந்த முறை எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால், "செலவில்லை" என்ற பேச்சு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதும் புரிகிறது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில், ஏழைப் பெண்கள் வந்து குவிகிற ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி, இன்ஸ்டிடியூட்டோ மட்டெர்னோ இன்ஃபான்டில். 1978-ல் அங்கே இன்குபேட்டர் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் போட்டார்கள், ஒரு குழந்தையின் கிருமி அடுத்ததற்குத் தொற்றியது. வாரக்கணக்கில் குழந்தையைத் தொடாமலே இருந்த தாய்மார்களில் சிலர் திரும்ப வரவே இல்லை. எட்கார் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், நிலைமை சீரான குழந்தைகளை அம்மாவின் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டி, தாய்ப்பால் மட்டும் கொடுத்து, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் ஹெக்டர் மார்ட்டினெஸ் கோமெஸ் அவரோடு சேர்ந்துகொண்டார்.

உலகம் உடனே நம்பவில்லை. 1985-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, போகோட்டாவில் சொல்லும் பிழைப்புக் கணக்கு சரியில்லை, ஆரம்ப நாட்களில் இறந்த குழந்தைகள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை என்று சுட்டிக்காட்டியது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் வேலையை நத்தலி ஷார்பக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் அதே போகோட்டாவில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து முறையான ஆய்வு செய்தார்கள். அதோடு விடாமல், அந்தக் குழந்தைகள் இருபது வயதானபோது தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் பார்த்தார்கள். நெஞ்சில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, முரட்டுத்தனமும் பரபரப்பும் குறைவு, பெற்றோரின் அரவணைப்பு அதிகம் என்று தெரிந்தது. இருபது வருஷம் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனாலும் "ஏழை நாட்டு இன்குபேட்டர்" என்ற பெயர் மட்டும் போகவில்லை. பணமில்லாததால் பிறந்த வழி என்பதால், பணமே தேவைப்படாத வழி என்று ஆகிவிட்டது. ஸ்வீடனைப் பாருங்கள். இன்குபேட்டருக்கோ வென்டிலேட்டருக்கோ பஞ்சமில்லாத நாடு. அங்கேயும் உப்சாலா போன்ற ஊர்களின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் அம்மா அப்பா இருவரும் குழந்தையோடு ராத்திரி பகல் தங்குவதற்குக் கட்டிலும் இடமும் கொடுத்திருக்கிறார்கள், அந்த நாட்களுக்குப் பெற்றோருக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. அவர்கள் இதைச் சிக்கனம் என்று நினைத்துச் செய்யவில்லை. சிகிச்சை என்று நினைத்து, அதற்கான பணத்தை ஒதுக்கிச் செய்கிறார்கள்.

மணிக்கணக்கு எழுதிய சிஸ்டர்

எங்கள் விஷயத்தில் எல்லாம் மாறியது ஒரு நைட் டியூட்டியில். அதுவரை பார்க்காத ஒரு சிஸ்டர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஊருக்கு மாற்றலாகி வந்தவர் போலிருக்கிறது. தங்கச்சி வழக்கம்போல ஸ்டூலில் உட்காரப் போனாள். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நேத்து எத்தனை மணி நேரம் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். தங்கச்சி முழித்தாள். நானும்தான். அதுவரை யாரும் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை மில்லி பால் போனது, எத்தனை கிராம் ஏறியது, எத்தனை தடவை யூரின் போனது, எல்லாம் கேட்பார்கள், எழுதுவார்கள். இதை மட்டும் யாரும் எழுதியதில்லை. "மருந்து எழுதும்போது இத்தனை மில்லி, இத்தனை வேளைன்னு எழுதுறோம்ல? இதுவும் அப்படித்தான்மா. கணக்கு தெரியாம எப்படி?" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒன்றுகூட பெரிய விஷயம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவருடைய நேரம் தேவைப்பட்டது. எங்கிருந்தோ தலைமாட்டைத் தூக்கி வைக்கிற ஒரு பழைய கட்டிலைத் தள்ளிக்கொண்டு வரச்சொன்னார். இரண்டு தலையணை முதுகுக்கு, ஒன்று முழங்கைக்கு. முன்பக்கம் திறக்கிற நைட்டி. குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், டயப்பர், வேறெதுவும் இல்லை. இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, கை கால் இரண்டும் தவளை மாதிரி மடங்கியிருக்கும்படி சரிசெய்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடையைத் துளி மேலே தூக்கிவிட்டார். "கழுத்து முன்னாடி மடங்கினா மூச்சுக்குழாய் அடைக்கும், மூக்கு எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே, மூக்கு வழியாகப் போன பால் ட்யூபை நைட்டியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். நீளமான பருத்தித் துணியைக் குழந்தையின் காது அளவுக்கு வரும்படி இழுத்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். தங்கச்சி இரண்டு கையையும் மெதுவாக எடுத்தாள். குழந்தை நழுவவில்லை. இத்தனை நாளில் முதல்தடவையாக அவளுக்குக் கை காலியாக இருந்தது. காலில் கட்டியிருந்த சென்சாரின் சிவப்பு வெளிச்சம் துணிக்குள்ளிருந்து தெரிந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் நிலைத்து நின்றது.

அடுத்து வாசலுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டார். அம்மாவும் நானும் மாப்பிள்ளையும் இருந்தோம். "அவங்க இப்படியே படுத்திருக்கணும்னா வெளியில இருக்குற நீங்க மூணு பேரும் என்ன செய்யப்போறீங்க, சொல்லுங்க" என்றார். திட்டுகிற குரல் இல்லை, வேலை பிரித்துக் கொடுக்கிற குரல். சாப்பாடு யார், துணி யார், மூத்த பையனைப் பள்ளியில் விடுவது யார், அவள் குளிக்கப் போகும்போது குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொள்வது யார். மாப்பிள்ளை தயங்கிக்கொண்டே, "ஆம்பளைங்களை உள்ள விட மாட்டாங்களே சிஸ்டர்" என்றார். "ஸ்க்ரீன் போட்டுக்கிறேன். குளிச்சிட்டு வாங்க தம்பி, சட்டையைக் கழட்ட வேண்டி வரும்" என்றார். மறுநாள் மாப்பிள்ளை உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது முகமெல்லாம் வியர்வை. பயத்தில் இரண்டு மணி நேரம் அசையவே இல்லையாம்.

குழந்தையின் கேஸ் ஷீட்டில் எடைக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, அம்மா, அப்பா, பாட்டி என்று எழுதி, நேரம் குறிக்க ஆரம்பித்தார்கள். எண்ண ஆரம்பித்ததும் நேரம் கூடியது. எண்ணினால், ஏன் குறைகிறது என்ற கேள்வி வருகிறது, கேள்வி வந்தால் கட்டில் வருகிறது. நான் பார்த்தது அதுதான்.

கிட்டத்தட்ட ஒரு நாளில் பதினேழு மணி நேரம்

வீட்டுக்கு வந்த பிறகு இதைப்பற்றி நிறையப் படித்தேன். அதில் ஒரு ஆய்வு என்னை விடவில்லை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து ஆஸ்பத்திரிகள். நம் நாட்டில் அது டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல முதலில் வார்மர், நிலைமை சீரான பிறகு கங்காரு பராமரிப்பு. இன்னொரு குழுவுக்கு, சீராகட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த கொஞ்ச நேரத்திலேயே அம்மாவின் நெஞ்சு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 15.7 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் இனி ஒரு குழுவுக்கு மட்டும் இதை மறுப்பது தர்மமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021-ல் வெளியானது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்த அளவு அதிகமாகக் கொடுங்கள் என்று பரிந்துரையை மாற்றியது.

இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். நான் பிடித்துக்கொண்டது அதே ஆய்வில் இருக்கிற இன்னொரு எண்ணை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில் இரண்டாவது குழுவின் குழந்தைகள் நெஞ்சோடு இருந்த நேரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16.9 மணி. முதல் குழுவுக்கு 1.5 மணி. கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம்! மிச்சமிருக்கிற ஏழு மணிக்குள்தான் ஒரு பெண் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பால் பீய்ச்ச வேண்டும், நடந்துவர வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இது நடக்காது. அந்த ஆய்வுக்காக அம்மாவின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் ஒரே அறை. தையலைப் பார்க்கிற மகப்பேறு மருத்துவரும் பிரஷர் பார்க்கிற சிஸ்டரும் அங்கேயே வந்தார்கள். அம்மா முடியாதபோது நெஞ்சில் வாங்கிக்கொள்ள குடும்பத்தில் இன்னொருவரையும் உடன் தங்கவிட்டார்கள். இத்தனையும் செய்ததற்கு அப்புறம் வந்த 12 சதவீதம் அது. நாம் அந்த 12-ஐ மட்டும் எடுத்துப் போஸ்டரில் போட்டுவிட்டு, கட்டிலை விட்டுவிடுகிறோம்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்தால் நம்மைப்போல அதனால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கிற பழுப்புக் கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது, இவர்களோ அது முழுசாகச் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டவர்கள். உடம்பு குளிர்ந்தால் இருக்கிற சர்க்கரையும் ஆக்சிஜனும் சூட்டுக்கே செலவாகிவிடும், வளர எதுவும் மிஞ்சாது. நெஞ்சில் இருக்கும்போது அந்தச் செலவு மிச்சம். அம்மாவின் தோலில் இருக்கிற சாதாரணக் கிருமிகள் முதலில் குழந்தையின் தோலில் குடியேறுகின்றன, வார்டின் ஆபத்தான கிருமிகளுக்கு இடம் குறைகிறது. பாலும் ஊறுகிறது. தங்கச்சிக்குப் பம்ப் வைத்து அடிமட்டத்தில் நாலைந்து துளி வந்துகொண்டிருந்தது, அந்தக் கட்டில் வந்த பிறகு பீய்ச்சியதைப் பாலாடையில், அதாவது பால் ஊட்டுகிற சின்னக் கிண்ணத்தில், எடுத்து ஊட்டும் அளவுக்கு வந்தது. உதட்டோரமாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், குழந்தை விழுங்குகிற வரை காத்திருந்து அடுத்தது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய 34 வாரமாவது ஆகவேண்டும், அதுவரை ட்யூபும் பாலாடையும்தான்.

வீட்டுக்கு வந்தும் முடியவில்லை

எடை ஏறி வீட்டுக்கு அனுப்பும்போது அந்த சிஸ்டர், "இரண்டரை கிலோ ஆகுற வரைக்கும் விடாதீங்க. அதுக்கு முன்னாடியே வேண்டாம்னா பாப்பாவே சொல்லும்" என்றார். வீட்டில் அது வேறு மாதிரி வேலை. சித்திரை வெயிலில், மின்விசிறி நின்றுபோன மத்தியானத்தில், நெஞ்சில் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பது லேசில்லை. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்ட வேண்டும் என்று அம்மா சொல்ல, எடை கூடட்டும் என்று நாங்கள் தடுக்க, இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. அப்புறம் அம்மாவே ஒரு மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வாங்கிப் படுத்தார், அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

ஹரியானாவில் 1.5 கிலோவிலிருந்து 2.25 கிலோ வரை இருந்த 8,402 குழந்தைகளை வைத்து, வீட்டிலேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. முதல் மாதத்தில் இறக்கும் ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. அங்கேயும் பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகப் போய், அம்மாவுக்குத் துணியைக் கட்டிக்காட்டி, மாமியாரிடமும் கணவனிடமும் பேசி, மறுபடி மறுபடி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்தால் குழந்தை பிழைக்கிறது, வென்டிலேட்டர் வாங்குகிற பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றில்லையே.

செலவு இருக்கிறது என்று சொன்னால் அரசாங்கம் இதையும் செய்யாமல் விட்டுவிடும் என்று ஒரு டாக்டர் நண்பர் என்னிடம் கவலைப்பட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் செலவில்லை என்று சொல்லும்போது அந்தச் செலவு காணாமல் போவதில்லை, தங்கச்சி மாதிரிப் பெண்களின் முதுகுக்குப் போகிறது. மாப்பிள்ளைக்குப் போகிறது. அவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மத்திய அரசு ஊழியராக இருந்திருந்தால் 15 நாள் தந்தைமை விடுப்பு கிடைத்திருக்கும், தனியார் வேலையில் அதற்குச் சட்டமே கிடையாது. அவர் போட்டது எல்லாம் சம்பளம் பிடித்த லீவுதான். கட்டிட வேலைக்குப் போகிற ஒருவர் அதே வார்டில் இருந்தார். இரண்டு நாள் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இப்போது குழந்தை உள்ளே இருந்தால், "எப்போது கேஎம்சி தொடங்கலாம்" என்பதை முதல் நாளே கேளுங்கள், டாக்டர் வேண்டாம் என்றால் ஏன், எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாய்கிற நாற்காலியோ கட்டிலோ கேளுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து சாய்வு நாற்காலி கொண்டுவர அனுமதி கேளுங்கள். அப்பாவை, பாட்டியை உள்ளே விடச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி, தோலில் புண் இருக்கிறவர்கள் மட்டும் வேண்டாம். நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள், ரவுண்ட்ஸ் வரும்போது அதைக் காட்டுங்கள். சுகாதாரத் துறையில் யாராவது படித்தால், குழந்தை டிஸ்சார்ஜ் ஆகிற நாள்வரை அம்மாவின் பெயரும் சாப்பாட்டுப் பட்டியலில் இருக்கட்டும், கட்டில் கணக்கில் இருக்கட்டும்.